வேலை இருக்கு, ஆள்தான் இல்லை

சின்னமனூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கும் டீக்கடையில் பாண்டியராஜன் அந்தப் பேட்டியைக் கொடுத்தபோது, அவருடைய தையல் யூனிட்டில் ஒரு மெஷின்கூட இல்லை.

நாடாளுமன்றத் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்த பங்குனி மாதம். மதுரையிலிருந்து வந்த ஒரு யூடியூப் சேனல்காரப் பையன், டீக் குடித்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவரிடமும் மைக்கை நீட்டி ஒரே கேள்வியைக் கேட்டான். நாட்டோட பொருளாதாரம் எப்படி இருக்கு, அதைப் பார்த்துத்தான் ஓட்டுப் போடுவீங்களா?

முதலில் எபனேசர் பேசினார். வாழைத்தார் ஏற்றிக் கேரளாவுக்கு லாரி ஓட்டும் தொழில் அவருக்கு. பாண்டியராஜனும் அவரும் பள்ளிக்கூடத்திலிருந்தே சேர்ந்து திரிந்தவர்கள்.

"ரோடு நல்லாருக்கு தம்பி. பைபாஸ் வந்த பெறகு குமுளிக்கு வெரசாப் போயிருதேன். ஆனா டீசல் வெலையப் பத்திக் கேட்டுறாதீக, வயிறு எரியுது. ரெண்டையும் வச்சுப் பாக்கணும்ல? இன்னும் முடிவு பண்ணல."

மைக் அடுத்து பாண்டியராஜனிடம் வந்தது. "ஐயா என்ன தொழில் பண்றீங்க?"

பெஞ்சில் இருந்த எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். அவர்களுக்கெல்லாம் அவர் 'யுவராணி கார்மெண்ட்ஸ்' முதலாளி. மனைவியின் பெயரில் போர்டு வைத்து, நைட்டி தைத்து மதுரைக் கடைகளுக்கும் கோட்டயத்துக்கும் அனுப்பிக்கொண்டிருந்தவர். அந்தப் போர்டு இன்னும் ஷட்டருக்கு மேலேதான் இருந்தது.

"கார்மெண்ட்ஸ் யூனிட் வச்சிருக்கேன்" என்றார்.

"தொழில் எப்படிங்க போகுது?"

'பரவாயில்லை' என்று சொல்லிவிட்டு எழுந்து போயிருக்கலாம். ஆனால் கேமரா அவர் முகத்துக்கு நேராக நின்றது. பின்னால் இருந்து யாரோ, "அவருக்கென்னப்பா, மொதலாளி" என்றார்கள். பாண்டியராஜன் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

"தொழில் பண்ணத் தெரிஞ்சவனுக்கு இது பொற்காலம் தம்பி. எங்கிட்ட வேலை இருக்கு, ஆளுதான் இல்ல. இன்னக்கி வந்தாலும் உக்கார வச்சு மெஷின் குடுப்பேன். வேலை இல்ல வேலை இல்லன்னு சொல்றவுகள்லாம் யாருன்னு நெனக்கிறீக? உக்காந்து திங்கப் பழகுனவுக. டெல்லியில இந்தத் தலைவர் வந்த பெறகுதான் ஒழைக்கிறவனுக்கு மதிப்பு. என் ஓட்டு அவருக்குத்தான்."

பெஞ்சில் இரண்டு பேர் கைதட்டினார்கள். எபனேசர் மட்டும் டீ கிளாஸைக் கையில் வைத்தபடி அவரை ஒருமாதிரி பார்த்தார்.

உண்மை வேறு. ஒன்றரை வருஷமாக ஆர்டர் குறைந்துகொண்டே வந்தது. வடக்கேயிருந்து வரும் மலிவு நைட்டிகளைப் போனில் பார்த்தே வாங்கிக்கொள்ள ஜனங்கள் பழகிவிட்டார்கள். மதுரைக் கடைக்காரர்கள் விலையைக் குறைக்கச் சொன்னார்கள். பிறகு அதையும் சொல்வதை நிறுத்தினார்கள். கோட்டயத்து வியாபாரி தன் கடையையே மூடிவிட்டார். இவர் பக்கத்திலும் தப்பு இருந்தது. விற்பனை சரியத் தொடங்கிய நேரத்தில், அடுத்த ஓணத்துக்கு விட்டதைப் பிடித்துவிடலாம் என்று புது மெஷின்கள் வாங்கிப் போட்டார். தீபாவளிக்குள் ஆட்களை ஒவ்வொருவராக நிறுத்தி முடித்தார். பொங்கல் லீவில் தெருவே ஊருக்குப் போயிருந்தபோது திருப்பூர் ஆள் ஒருவர் வந்து மெஷின்களை வேனில் ஏற்றிக்கொண்டு போனார். ஓரிருவர் கேட்டதற்கு, "சர்வீஸுக்குப் போகுது" என்று சொல்லிவிட்டார்.

அதன் பிறகும் தினம் காலையில் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு யூனிட்டுக்குப் போனார். ஷட்டரைப் பாதி ஏற்றி உள்ளே நுழைந்து, திரும்ப இறக்கிவிட்டு, வெறும் ஹாலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்தார். மதியம் வீட்டுக்கு வந்து, "இன்னக்கி சரியான அலைச்சல்" என்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி சொன்னார். யுவராணிக்கு மட்டும் மெஷின்கள் போனது தெரியும்.

பேட்டி அன்று சாயங்காலமே போன் போனாகச் சுற்ற ஆரம்பித்தது. யாரோ அதற்குப் பின்னணியில் நாதஸ்வரம் சேர்த்திருந்தார்கள். 'உழைப்பாளியின் குரல்' என்று மேலே எழுதியிருந்தது. யுவராணி அடுப்படியில் நின்றபடி அதை ஒரு தடவை முழுதாகப் பார்த்தாள். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தோசைக்கு மாவு ஊற்றினாள்.

"ஏதாச்சும் சொல்லு" என்றார் பாண்டியராஜன்.

"என்னத்தச் சொல்ல? சட்டினி போதுமா, பொடி வேணுமா?"

மறுநாள் காலை அவர் யூனிட்டுக்குப் போனபோது ஷட்டருக்கு முன்னால் பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். எல்லாரும் அவரிடம் வேலை பார்த்தவர்கள். வயதில் மூத்த மொக்கம்மாள், கல்லூரியைப் பாதியில் விட்டுவிட்டுத் தையலுக்கு வந்த திரிஷா, இன்னும் சிலர். ஒவ்வொருத்தி கையிலும் தூக்குவாளியோ டிபன் பாக்ஸோ இருந்தது. அவர்களுக்குக் கொஞ்சம் தள்ளி, பவுனு.

"வாங்க மொதலாளி" என்றாள் மொக்கம்மாள் சிரித்துக்கொண்டே. "ஆளு கிடைக்காமத் தவிக்கிறீகளாம்ல? டிவியில வந்து சொல்லணுமாக்கும்? ஒரு போன் போட்டா வந்திர மாட்டமா?"

திரிஷா, "வடக்கேருந்து ஆளு வச்சிருக்கீகன்னுல அண்ணே நாங்க பேசிக்கிட்டோம். தப்பா நெனச்சிட்டோம்" என்றாள்.

பாண்டியராஜனுக்குச் சாவியைப் பையிலிருந்து எடுக்கக் கை வரவில்லை. ஷட்டருக்கு அந்தப் பக்கம் இருப்பது ஒரு நாற்காலியும் பழைய பேப்பர்களும் மட்டும். "இன்னக்கி லைன்ல வேலை நடக்குது. கரெண்ட் இல்ல" என்றார். எதிரே இருந்த ஜெராக்ஸ் கடையில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. பெண்கள் அதைப் பார்த்தார்கள். அவரும் பார்த்தார்.

அப்போது பவுனு முன்னால் வந்தாள். அவளைத்தான் அவர் எல்லாருக்கும் முதலில் நிறுத்தியிருந்தார், போன வருஷம் சித்திரையில் வீரபாண்டித் திருவிழா முடிந்த வாரம். மற்றவர்களிடம் 'கொஞ்ச நாள் லீவு' என்று சொல்லப் பிறகு பழகிக்கொண்டார். முதல் ஆளை நிறுத்தும்போது அந்த வார்த்தை அவருக்கு இன்னும் கிடைக்கவில்லை. ஆர்டர் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. "ஒன் தையல் கோணலா வருது பவுனு. கோட்டயத்துப் பார்ட்டி பீஸைத் திருப்பி அனுப்பிட்டாக" என்று சொல்லி அனுப்பினார்.

பவுனு பையிலிருந்து ஒரு துணியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். நீலப்பூப் போட்ட நைட்டித் துணி. கழுத்தும் கையும் ஓரமும் தைத்திருந்தது.

"பாருங்கண்ணே. எங்க மதினி வீட்டு மிதி மெஷின்ல பழகுனது. அப்ப என்னமோ கை சரியில்ல. இப்ப நேராத்தான் வருது. ஓரத்தப் பாருங்க."

அவர் பார்த்தார். ஓரம் நூல் பிடித்தது போல நேராக இருந்தது. அவள் தையல் எப்போதும் அப்படித்தான் இருந்தது.

"நல்லாருக்கு" என்றார். "நல்லாருக்கு பவுனு. நான்... நாளைக்கி சொல்லி அனுப்புறேன்."

"ஏலக்காத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போற ஜீப்ப விட்டுட்டு வந்தேன்ணே, பரவால்ல. நாளைக்கி வெள்ளன வந்துறவா?"

"சொல்லி அனுப்புறேன்."

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தபடி கலைந்தார்கள். மொக்கம்மாளின் சிரிப்பு போயிருந்தது. துணியைத் திரும்பக் கேட்காமல் பவுனு போய்விட்டாள். அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு ஷட்டருக்கு வெளியிலேயே நின்றார். அன்று அவர் உள்ளே போகவில்லை.

வீட்டுக்கு வந்தால் சண்முகராஜ் வாசலில் காத்திருந்தார். அந்தத் தலைவரின் கட்சிக்கு ஊரில் அவர்தான் முக்கியமான ஆள். உட்கார்ந்த வேகத்தில் விஷயத்துக்கு வந்தார்.

"மாப்ள, ஒரே நாள்ல எங்களுக்குப் பத்துக் கூட்டம் பண்ணிக் குடுத்துட்டீக. வேட்பாளர் பாத்துட்டுக் கேக்குறாக, யாருப்பா இவருன்னு. ஞாயித்துக்கெழம மார்க்கெட் பக்கம் கூட்டம். மேடையில ஏறி, டீக்கடையில சொன்னதையே சொன்னாப் போதும். அப்படியே உங்க யூனிட்டுக்குக் கூட்டிட்டு வாறேன். பொம்பளைக தைக்கிற மாதிரி, பக்கத்துல வேட்பாளர் நிக்கிற மாதிரி ரெண்டு படம்."

"யூனிட்டுக்கு வேணாம்" என்றார் பாண்டியராஜன் அவசரமாக. "பெயிண்ட் அடிக்கிறோம்."

"சரி, மேடைக்கு வந்துருங்க."

அதற்கு அவர் தலையை ஆட்டினார். ஏன் ஆட்டினோம் என்று சண்முகராஜின் பைக் தெருமுனை திரும்பிய பிறகுதான் யோசித்தார்.

யுவராணி எல்லாவற்றையும் உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது நீலப்பூத் துணியை எடுத்துப் பார்த்து, "இது யாரு தச்சது?" என்றாள். அவர் சொன்னார். பவுனுவிடம் போன வருஷம் என்ன சொல்லி நிறுத்தினார் என்பதையும் அப்போதுதான் முதல்முறையாகச் சொன்னார்.

யுவராணி துணியை மடித்து ஓரமாக வைத்தாள். பிறகு கேட்டாள். "நம்ம யூனிட் மூடுனதுக்கு யாரு காரணம்னு நெனக்கிறீக?"

"நான்தான்."

"நீங்க மட்டுமா?"

"வேற யாரச் சொல்ல? டெல்லியில இருக்கவுக மேல பழியப் போடச் சொல்றியா? கையாலாகாதவன்தான் அப்படிச் சொல்லுவான். தெறமை இருந்தா ஓட்டியிருக்கணும். எபனேசர் ஓட்டலயா?"

"அப்ப ஊரு நல்லாருக்கு, நீங்கதான் தெறமையில்லாத ஆளு."

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"அப்படி ஒங்களையே திட்டிக்கிட்டாக்கூட எனக்கு வருத்தமில்ல" என்றாள் அவள். "ஆனா அதச் சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு, அந்தப் புள்ள தலையில கட்டிட்டீகளே. ஒரு வருசமா அவ, தனக்குத் தைக்கத் தெரியலன்னு நெனச்சுக்கிட்டு மலையேறிப் போறா. இப்ப என்னடான்னா, வேலையில்லாதவுக எல்லாரையும் சோம்பேறின்னு ஊரறியச் சொல்லிட்டு வந்திருக்கீக. நம்ம வீட்டுல வேலையில்லாம உக்காந்திருக்கறது யாருங்க?"

அவர் கையைக் கழுவிவிட்டு எழுந்தார்.

சாயங்காலம் மார்க்கையன்கோட்டைக்குப் பைக்கில் போனார். வாய்க்கால் ஓரமாகப் பவுனுவின் வீடு. தோட்டத்து வேலைக்குப் போகாத நாள் என்பதால் அவள் துணி துவைத்துக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் முகம் மலர்ந்தது. ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, "நீங்களே வந்துட்டீகளா? சொல்லி அனுப்புனா நான் வந்திருக்க மாட்டனா? உள்ள வாங்கண்ணே" என்றாள்.

"இங்கனயே நிக்கிறேன்" என்றார். "பவுனு, யூனிட்டு மூடியாச்சு."

அவளுக்குப் புரியவில்லை.

"பொங்கலப்பவே மெஷினெல்லாம் வித்துட்டேன். டீக்கடையில சொன்னது அம்புட்டும் பொய். ஆளு தேடவுமில்ல, வேலையுமில்ல."

"அப்ப ஏண்ணே அப்படிச் சொன்னீக?"

"தெரியல. எல்லாரும் பாத்துக்கிட்டு இருந்தாக. இன்னொன்னு சொல்லணும். ஒன் தையல் கோணலே இல்ல. அன்னக்கி ஒரு பீஸும் திரும்பி வரல. ஆர்டர் நின்னுருச்சு. அதச் சொல்லக் கூச்சப்பட்டு ஒம்மேல சொல்லிட்டேன்."

திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூடத் தோன்றியது. அவள் கொடியில் கிடந்த துணியின் சுருக்கத்தை நீவி விட்டுக்கொண்டிருந்தாள்.

"ஆடி மாசம் ஆண்டிபட்டியில ஒரு யூனிட்டுல கூப்பிட்டாக" என்றாள் கடைசியில். "மாசச் சம்பளம். வேன் வந்து கூட்டிட்டுப் போகும்னாக. நான்தான் வரலன்னுட்டேன். எனக்கு ஓரம் நேரா வராது, அங்கன போயும் அவமானப்படணுமான்னு. எங்க வீட்டுக்காரரு கெஞ்சிப் பாத்தாரு. நான் பிடிவாதமா இருந்துட்டேன்."

"இப்பப் போய்க் கேக்கலாம்ல? நான் வேணா பேசி..."

"அந்த எடமெல்லாம் நெறஞ்சு போச்சு." அவள் அவரைப் பார்க்காமலே சொன்னாள். "போயிட்டு வாங்கண்ணே. இருட்டப் போகுது."

வெளிச்சம் இன்னும் நிறையவே இருந்தது. அவர் பைக்கைத் திருப்பிக்கொண்டு வந்தார். வழியெல்லாம் காது மடல் சுட்டது.

அன்றே சண்முகராஜைப் பார்த்து மேடைக்கு வர முடியாது என்றார். காரணம் கேட்டபோது மறைக்கவில்லை. சண்முகராஜ் கோபப்படவில்லை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "மூடிட்டீகளா? சரி, அத வெளிய சொல்லாதீக. எலெக்சன் முடியட்டும். நல்ல பேரு வந்திருக்கு, ஏன் கெடுத்துக்கணும்?"

ஆனால் விஷயம் எப்படியோ பரவியது. இரண்டு நாள் கழித்து எதிர்க்கட்சியிலிருந்து ஒரு வக்கீல், ஈஸ்வரபாண்டி என்று பெயர், வீட்டுக்கே வந்தார். மிகவும் மரியாதையாகப் பேசினார்.

"அண்ணே, பயந்துபோய்த்தான் அப்படிப் பேசுனேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. இவுக ஆட்சியில எந்தொழில் நாசமாப் போச்சுன்னு கேமரா முன்னாடி சொல்லுங்க. நாங்க ஒங்களுக்குத் துணையா நிக்கிறோம்."

"யாரும் என்னைப் பயமுறுத்தல தம்பி" என்றார் பாண்டியராஜன். "தொழில் போனதுல பாதி காலம் மாறுனது, பாதி என் மடத்தனம். எது எம்புட்டுன்னு எனக்கே இன்னும் பிடிபடல. மறுபடி கேமரா முன்னாடி நின்னா, நீங்க எது கேக்கணும்னு நெனக்கிறீகளோ அதத்தான் என் வாய் சொல்லும். என் வாயி லட்சணம் எனக்குத் தெரிஞ்சு போச்சு."

டீக்கடைக்குப் போவதுதான் இருந்ததிலேயே கஷ்டமாக இருந்தது. ஆனாலும் போனார். அதே பெஞ்சில் அதே ஆட்கள். உட்காராமல் நின்றுகொண்டே, "அன்னக்கி நான் சொன்னது பொய். என் யூனிட்ட மூடிட்டேன். வேலையில்லாம இருக்கறது நான்தான்" என்றார். யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் அவசரமாகப் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். இன்னொருவர், "அட, விடுங்க பாண்டி, அரசியல்ல இதெல்லாம் சகஜம்" என்றார். அது இவருக்கு இன்னும் கேவலமாக இருந்தது.

எபனேசர் அவரைத் தோளில் தட்டி வெளியே கூட்டிப் போனார்.

"எனக்கு அன்னக்கே தெரியும்லே" என்றார். "ஒன் யூனிட்டு வாசல்ல தீபாவளியிலருந்து ஒரு துணிக் கழிவு கிடக்கல. லாரிக்காரன் கண்ணுக்கு அது தெரியாதா? நீயாச் சொல்லுவன்னு இருந்தேன். எங்கிட்டச் சொல்றதுக்கென்னடா?"

"ஒனக்கு நல்லாப் போகுதேன்னுதான்..."

"எனக்கு நல்லாப் போனா, ஒனக்குப் போகலன்னு சொல்லக் கூடாதா?"

பாண்டியராஜன் இரண்டு டீ வாங்கிவந்து ஒன்றை அவரிடம் நீட்டினார்.

அவர் டீக்கடையில் சொன்ன உண்மையை யாரும் படம் பிடிக்கவில்லை. நாதஸ்வரத்தோடு வந்த பொய்தான் தேர்தல் நாள் வரைக்கும் போன்களில் ஓடியது. கம்பத்திலிருந்து அவருடைய சித்தப்பா மகன் அழைத்து, "அண்ணே, ஒங்களப் பாத்துத்தான் நான் யாருக்குப் போடணும்னு முடிவே பண்ணேன்" என்று பெருமையாகச் சொன்னான். இல்லை என்று அவர் விளக்கப் பார்த்தார். அடக்கத்துக்காகச் சொல்கிறார் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

சித்திரை வெயிலில் ஓட்டுப்பதிவு நடந்தது. பள்ளிக்கூடத்து வராந்தாவில் ஆண்கள் வரிசையும் பெண்கள் வரிசையும் எதிரெதிரே நகர்ந்தன. இவருடைய வரிசையில் முன்னால் எபனேசர் நின்றார். பெண்கள் வரிசையில் மொக்கம்மாள் இருந்தாள். அவரைப் பார்த்ததும், பழைய பழக்கத்தில், கையைக் காட்டி அழைத்துக் கேட்டாள்.

"மொதலாளி, வெவரம் தெரிஞ்சவுக, யாருக்குப் போட்டாப் பொழப்பு நல்லாருக்கும்னு மெல்லச் சொல்லுங்க."

"அதெல்லாம் இங்கன பேசக் கூடாது ஆத்தா" என்றார். பிறகு, அவள் இன்னும் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றதால், "எனக்கு வெவரம் தெரியாது. ஒன் வீட்டுல என்ன நடக்குதுன்னு ஒனக்குத்தான் தெரியும். அதப் பாத்துப் போடு" என்றார்.

மொக்கம்மாள் ஏமாந்தவள் போல முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஓட்டு மெஷினுக்கு முன்னால் நின்றபோது அவர் சட்டென்று அழுத்திவிடவில்லை. எபனேசரின் ரோடும் டீசலும் நினைவுக்கு வந்தன. தன் ஹாலில் கிடக்கும் நாற்காலி வந்தது. மலைக்கு ஜீப்பில் நின்றபடி போகிற பெண்கள் வந்தார்கள். இத்தனை தேர்தலிலும் தான் நினைத்தது தன் ஒருவனைப் பற்றி மட்டும்தான் என்பதும், அதிலும் கடைசியாகத் தன்னைப் பற்றியே பொய் சொன்னதும் அவரைக் கூச வைத்தன. வெளியே ஒருவர் இருமினார். அவர் ஒரு பட்டனை அழுத்தினார். யாருக்கு என்பதை எபனேசரிடம் சொல்லவில்லை. யுவராணி கேட்கவும் இல்லை.

முடிவு வந்த அன்று தெருவில் ஒரு பக்கம் வெடி வெடித்தார்கள், ஒரு பக்கம் கதவைச் சாத்திக்கொண்டார்கள். பாண்டியராஜன் அதற்குள் ஆண்டிபட்டிக்குப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தார், அங்கே ஒரு யூனிட்டில் கட்டிங் மாஸ்டர் வேலைக்கு. அவரைவிட வயதில் மிகவும் சின்னவரான சூரியபிரகாஷ்தான் அதற்கு முதலாளி. சேர்ந்த அன்று, "நீங்களே யூனிட் வச்சிருந்தீகளாமே, ஏன் விட்டுட்டீக?" என்று அவர் கேட்டார். பாண்டியராஜன் தரையைப் பார்த்தபடி, "ஆர்டர் நின்னு போச்சு. நானும் நெலவரம் புரியாம மெஷின் வாங்கிப் போட்டேன்" என்றார். சொல்லி முடிப்பதற்குள் வியர்த்துவிட்டது.

ஆவணி பிறந்ததும் அங்கே தைக்க ஆள் கேட்டார்கள். பாண்டியராஜன் முதலில் பவுனுவின் பெயரைத்தான் சொன்னார். தன்னைப் பற்றி எதுவும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு, மொக்கம்மாள் மூலம் தகவல் அனுப்பினார். வாரக் கடைசியில் வேனிலிருந்து மொக்கம்மாளும் திரிஷாவும் இறங்கினார்கள். பவுனு இல்லை.

"கட்டிங் மாஸ்டரு யாருன்னு பவுனு கேட்டுட்டா" என்றாள் மொக்கம்மாள். "பொய் சொல்ல எனக்கு மனசு வரல."

பாண்டியராஜன் கத்திரிக்கோலைக் கையில் எடுத்துக்கொண்டு துணி விரித்திருந்த மேஜைப் பக்கம் திரும்பி நின்றார்.